எந்த மாநிலத்துப் பிள்ளை

என் மகளுக்கு ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. மூளை வளர்ச்சி குறைவு, சிறப்புப் பள்ளியில் சேர்த்தால் தேறுவாள் என்றார் டாக்டர். எண்பதுகளின் கடைசி அது. ஓசூரில் திரும்பின பக்கமெல்லாம் தொழிற்சாலை முளைத்துக்கொண்டிருந்தது. நாளெல்லாம் ஷிப்டு சங்கு ஊத ஆள் இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சொல்லித்தர ஓர் ஆள் இல்லை.

லீவு போட்டுவிட்டு, உதவி கேட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். "சிறப்புப் பள்ளியில படிக்கிற பிள்ளைக்குத்தான் உதவித்தொகை" என்றார் அதிகாரி.

"அந்தப் பள்ளிக்கூடம் எங்கீங்க இருக்குது?"

"உங்க பக்கம் இல்லியே" என்றார், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே. அவர் நாற்காலியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

பள்ளி அத்திப்பள்ளியில் இருந்தது. பஸ்ஸில் அரை மணி. ஆனால் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் கர்நாடகம். அங்கத்து ரேஷன் கார்டில் பெயர் உள்ள பிள்ளைக்குத்தான் இடம். என் மனைவியின் அண்ணன் அங்கேதான் குடியிருந்தார். "எங்க கார்டுல சேர்த்துக்கலாம் மாப்பிள்ள. பொண்ணு எங்க போயிடப் போவுது?" என்றார். எல்லையோரத்தில் பலரும் செய்வதுதான். எங்கள் கார்டில் அவள் பெயரை அடித்து, அண்ணன் கார்டில் அவர் மகளாக எழுதினோம்.

அதோடு விட்டதா? யாராவது விசாரித்தால் இடம் போய்விடுமே என்று மனைவிக்குப் பயம். அண்ணன் மகள் என்றால் என் மனைவி அவளுக்கு அத்தை. அத்தை புருஷன் நான் மாமா. பள்ளி வாசலில் தினமும் அப்படியே சொன்னோம். சாயங்காலம் ஆயாவும் என்னைக் காட்டி, "மாமா பந்த்ரு நோடு", மாமா வந்துட்டார் பார் என்று கன்னடத்தில் சொல்லி அனுப்புவாள்.

பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன். அங்கேதான் அவள் தானாகச் சாப்பிடக் கற்றாள், செருப்பு மாட்டக் கற்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து சட்டையை இழுத்தாள். திரும்பினேன். எத்தனை வருஷம் காத்திருந்தோம் அந்த வாய் திறக்க. தெளிவாக, திக்காமல், "மாமா" என்றாள்.

மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்து அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்பான்னு சொல்லு கண்ணு. அப்பா."

மகள் சிரித்தபடி மறுபடியும் "மாமா" என்றாள். சொந்த மகளை அண்டை மாநிலத்துப் பிள்ளையாக்கினால்தான் பாடம் சொல்லித்தருவார்கள் என்று சட்டம் போட்டவர்கள் யாரும் அப்போது எதிரில் இல்லை.

"விடு, திருத்தாத" என்றேன் மனைவியிடம். மறுநாள் காலை பள்ளி வாசலில் அவள் என்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும்.