கத்தரிப்பூக் கதவு

தாராவியில் நான் குடியிருக்கும் வரிசையில் பன்னிரண்டு கோலிகள். கோலி என்றால் ஒற்றை அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே பாய். ஜப்பான் சண்டை முடிந்த மறு வருஷம், அந்தப் பன்னிரண்டில் பதினொரு கதவுகள் பட்டாளப் பச்சை. என் கதவு மட்டும் கத்தரிப்பூ நிறம். யாராவது வழி கேட்டால், "அந்தக் கத்தரிப்பூக் கதவுக்கு ரெண்டு வீடு தள்ளி" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. நான் செய்த ஒன்று வழி சொல்ல உதவுகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

எனக்கு டிரங்குப் பெட்டிப் பட்டறையில் வேலை. தகரப் பெட்டிக்குப் பெயின்ட் அடித்து, ஓரத்தில் கோடு இழுத்து, மூடியில் ரோஜாப் பூ போடுவேன். சண்டை வந்ததும் ரோஜா நின்றுபோயிற்று. பட்டாளத்துக்குப் போகும் பெட்டிகள் மட்டும்தான். எல்லாம் ஒரே பச்சை. அந்த வருஷங்களில் என் நகக்கண், செருப்பு, சோற்றுத் தூக்கின் பிடி எல்லாமே பச்சையாக இருந்தன.

என் மனைவி அப்போது இங்கே இல்லை. பம்பாயில் குண்டு விழும் என்று ஊரே ரயிலேறியபோது அவளையும் திருநெல்வேலிப் பக்கம் அவளுடைய வீட்டுக்கு அனுப்பினேன். ஆனால் அவள் போனதற்குக் குண்டு மட்டும் காரணமில்லை. நாலு மாதம் இந்தக் கோலியில் இருந்துவிட்டு, "இங்கன பகலு எது ராத்திரி எதுன்னே தெரியல. எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். அது உண்மைதான். சன்னலைத் திறந்தால் ஒரு கை நீளத்தில் அடுத்த வரிசையின் முதுகுச் சுவர். உள்ளே முன்பிருந்தவர்களின் அடுப்புப் புகை கூரை வரைக்கும் படிந்திருந்தது. அப்போது அதைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசியில் மைத்துனன் கடிதம் எழுதினான். "தை பிறந்ததும் அக்கா வருகிறாள். ஒரு மாதம் இருந்து பார்ப்பாள். சரிப்படாவிட்டால் திரும்பிவிடுவாள். பிறகு உங்களை நம்பி அனுப்புவதாக இல்லை." ஊரில் எனக்கு நிலமும் இல்லை, வேலையும் இல்லை. அவள் திரும்பினால், பிறகு நான் ஒருத்தன்தான்.

அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு எழுதலாம் என்று காகிதத்தை எடுத்தேன். கை ஓடவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் கடிதத்தை மைத்துனன் கூடத்தில் நின்று உரக்கப் படிப்பான். மாமனார், மாமியார், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் கேட்பார்கள். 'உனக்கு எந்த நிறம் பிடிக்கும்?' என்று நான் கேட்டதை அந்தத் தெருவே ஒரு வருஷம் சொல்லிச் சிரிக்கும். அவள் என்னென்ன சேலை கட்டினாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவில் வரவில்லை. அப்போது எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அவளைக் கேட்க முடியாது என்று ஆனபின், எனக்கு எது பிடிக்கும் என்று பார்ப்பது தவிர வழி இல்லை. அதுவும் எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பட்டாள வேலை முடிந்து பச்சைப் பெயின்ட் மிச்சம் விழுந்தது. முதலாளி ஆளுக்கு ஒரு டப்பா எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த டப்பாக்கள் கைமாறித்தான் எங்கள் வரிசையில் பதினொரு கதவும் பச்சையாயின. மேஸ்திரி கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார். என் முறை வந்தபோது நான் கையை நீட்டவில்லை.

"என்னல, பிடி."

"வேண்டாம் அண்ணாச்சி."

"சும்மா தாரத வேண்டாம்னு சொல்லுதியோ? துரை வீட்டுப் பிள்ளையா நீ?"

"பகல் பூரா அதத்தான் அண்ணாச்சி பாக்கேன். வீட்டுலயும் அதையே பாக்கணுமா?"

"வீட்டுல வேற எதப் பாப்ப? பொஞ்சாதியா இருக்கா?"

பட்டறையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. எங்கிருந்தோ வாயில் வந்துவிட்டது: "வாரா. தை மாசம்."

சிரிப்பு நின்றது. மேஸ்திரி டப்பாவைக் கீழே வைத்தார். "அப்ப வேற என்ன வேணும், சொல்லு."

பரணில் ரோஜாப் பூவுக்கு வைத்திருந்த சின்ன டப்பாக்கள் அஞ்சாறு வருஷமாகத் தூசியில் கிடந்தன. அதைக் காட்டினேன். "அது காஞ்சிருக்கும்ல, எடுத்துக்கோ" என்றார். மேலே தோல் மாதிரி ஏடு கட்டியிருந்தது. கத்தியால் கீறினால் அடியில் ஈரமாக இருந்தது. ரோஸ், நீலம், வெள்ளை.

அது கதவுக்கு ஆகும். சுவருக்குச் சுண்ணாம்புதான். என்ன நிறம் கலப்பது? ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கு நடந்தேன். அங்கே நம் தமிழ் ஆபீஸ்காரர்கள் குடியிருக்கும் புது மாடி வீடுகள் வெண்ணெய் நிறத்தில் இருக்கும். சில வீடுகளுக்கு இளம் பச்சைப் பட்டை, சிலதுக்கு இளநீலம். ஒரு வீட்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. காவல்காரன் தடியைத் தட்டிக்கொண்டு வந்தான்.

"க்யா தேக்தா ஹை?" என்ன பார்க்கிறாய் என்று.

"ரங்" என்றேன். நிறம் பார்க்கிறேன் என்று முழுசாகச் சொல்ல ஹிந்தி வரவில்லை. அவனும் திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தான். தினமும் பார்க்கிற சுவர்தான். "அச்சா ஹை", நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டான்.

பட்டறையில் வெட்டி எறிந்த தகரத் துண்டுகளில் பெட்டிப் பெயின்டால் அந்த நிறங்களையும் இன்னும் ஒன்றிரண்டையும் பூசி, வீட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். இளநீலம், இளம் பச்சை, ரோஸ், மஞ்சள் காவி. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை பார்ப்பேன். சாயங்காலம் வந்து சிம்னி விளக்கை ஏற்றி ஒரு தடவை பார்ப்பேன். மாட்டுங்கா வெயிலில் குளிர்ச்சியாக இருந்த நீலம் என் கோலியில் பகலில் சாம்பலாகவும், விளக்கில் அழுக்குத் துணியாகவும் தெரிந்தது. பச்சை, வேறென்ன, பட்டாளத்தை நினைவுபடுத்தியது. ரோஸ் நன்றாக இருந்தது, ஆனால் அரை மணி நேரம் பார்த்தால் கண் களைத்தது. மஞ்சள்தான் அதிசயம். பகலில் அந்த மூலைக்கு எங்கிருந்தோ கொஞ்சம் வெயில் வந்த மாதிரி இருந்தது. விளக்கு வைத்ததும் மஞ்சள் மறைந்து, துவைத்த வேட்டி மாதிரி வெள்ளையாகிவிட்டது. விளக்கை அணைத்து, ஏற்றி, மறுபடி அணைத்துப் பார்த்தேன். ஒரே தகரம்தான். அவளுக்குப் பகலும் ராத்திரியும் வேறாகத் தெரிய வேண்டும். அதற்கு இதைவிட வேறு வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

ஒரு வாரம் புகையைச் சுரண்டினேன். பிறகு சுண்ணாம்பில் மஞ்சள் காவியைக் கரைத்து அடித்தேன். அங்கேதான் பெட்டிக்காரன் புத்தி என்னை ஏமாற்றியது. பெட்டிப் பெயின்ட் ஈரத்தில் எப்படி இருக்கிறதோ காய்ந்தாலும் அப்படியேதான் இருக்கும். சுண்ணாம்பு அப்படி இல்லை. ஈரத்தில் பூவரசம்பூ மாதிரி இருந்தது காலையில் வெறும் வெள்ளையாக இருந்தது. மஞ்சள் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கோபத்தில் இரண்டாம் தடவை காவியை அள்ளிப் போட்டேன். காய்ந்தபோது மஞ்சள் காமாலை வந்த வீடு மாதிரி இருந்தது. அலுத்துப்போய் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு, அப்படியே பட்டறைக்குப் போனேன்.

"ஏ, இவன் முதுகப் பாருங்கடா" என்று மேஸ்திரி கத்தினார். "எந்த மொறப்பொண்ணுல ஒனக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனா?"

"சுவருதான் அண்ணாச்சி" என்றேன்.

"நல்ல மொறதான்!"

சிரித்து முடித்தபின் அவரே சொன்னார்: சுண்ணாம்பில், தச்சர்கள் மரம் ஒட்டும் வஜ்ரப் பசையைக் கொஞ்சம் காய்ச்சி ஊற்றினால் கையில் ஒட்டாதாம். மூன்றாம் தடவை பசை ஊற்றி, ஒவ்வொரு கலவையையும் தகரத்தில் பூசிக் காயவைத்துப் பார்த்த பின்தான் சுவரில் சுண்ணாம்பு மட்டையை வைத்தேன். இந்தத் தடவை சரியாக வந்தது.

சுவர் முடிந்தது, கதவுக்கு நிறம் தெரியவில்லை. எதிர்க் கோலியில் ஒரு மராட்டிக்கார அம்மாள் எண்ணெய் டின்னில் கத்தரிச் செடி வளர்த்தாள். ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்தேன். அந்தப் பூவைத் தினமும் தாண்டித்தான் போகிறேன். அன்றைக்குத்தான் குனிந்தேன். இதழ் ஊதா, நடுவில் மஞ்சள். உள்ளே மஞ்சள், வெளியே ஊதா. என் கோலிக்குக் கதவு எப்படி இருக்க வேண்டும் என்று அதிலேயே இருந்தது.

சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதா வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். பெட்டிக்கு அடிக்கும் சாதாரணச் சிவப்பைக் கலந்தால் ஆட்டு ஈரல் நிறம்தான் வந்தது. ரோஜா இதழுக்கு வைத்த அந்த ரோஸில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெள்ளையால் வெளுக்க வைத்தபோதுதான் பூ வந்தது. ஒரு பூவைக் கேட்டு வாங்கி வந்து, கலவை தோய்ந்த குச்சியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த அம்மாள் வாசலில் இருந்தே, "அண்ணா, பேங்கன் பக்காயேகா க்யா?" என்று கேட்டாள். கத்தரிக்காய் சமைக்கப் போகிறீரா என்று. கதவைக் காட்டினேன். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

வரிசை முழுக்கக் கேலிதான். "வே, கடை எப்பத் தொறக்கீரு? சேரு என்ன விலை?" என்று ஒருத்தர். "பச்சைக்குப் பச்சை எங்க வீடெல்லாம் எல, நடுவுல நீரு காய்ச்சிருக்கீரு" என்று இன்னொருத்தர். ஆனால் பதினொரு பச்சைக் கதவுகளுக்கு நடுவில் அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். தெருக்கோடி வரை போய்த் திரும்பிப் பார்ப்பேன். தினமும் பார்த்தேன்.

தை பிறந்து நாலாம் நாள் அவளைத் தாதர் ஸ்டேஷனில் இறக்கிக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் அவள் ரயில் கூட்டத்தைப் பற்றிப் பேசினாள், நான் தலையாட்டினேன். கதவைப் பார்த்ததும் நின்றாள். "இதா?" என்றாள். ஆமாம் என்றேன். உள்ளே போனாள். நாலு சுவரையும் பார்த்தாள். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்து, கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டவில்லை. தண்ணீர் எங்கே என்று கேட்டாள்.

விளக்கு வைத்த நேரம். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏங்க, பகல்ல மஞ்சளாத்தான இருந்துச்சு?"

"ஆமா."

"இப்ப வெள்ளையால்லா இருக்கு."

"விளக்குக்கு அப்பிடித் தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பாத்தேன்."

தகரத் துண்டுகளைப் பற்றி, மாட்டுங்காவைப் பற்றி, காவல்காரனைப் பற்றி, முதுகு மஞ்சளானதைப் பற்றி எல்லாம் சொன்னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவளிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. மஞ்சத்தண்ணி வரும்போது அவள் அரிசியை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

ஆனாலும் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. நான் வேலைக்குப் போய் வருவேன், அவள் சமைப்பாள், சுவரைப் பார்ப்பாள். ஊருக்குத் திரும்பத்தான் நினைக்கிறாளோ என்று எனக்குப் பயம். நாலாம் நாள் நான் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"நீங்க எல்லாம் யோசிச்சீங்க, சரி. அடுப்புப் பக்கம் யோசிச்சீங்களா?"

"என்ன?"

"நாலு நாளு பொகைக்கே அந்த மூலை மங்கிப்போச்சி. ஆடி வந்தா கருத்துரும். இத யாரு வருசா வருசம் அடிக்கது?"

"நாந்தான்."

"நீங்க அடிப்பீங்க, நானுல்லா தெனம் அதுக்கு முன்னால குத்த வைக்கணும்? அடுப்புப் பக்கம் செங்காவிதான் அடிக்கணும். இடுப்பு ஒசரத்துக்கு. பொகை தெரியாது, தாளிச்சாத் தெறிக்கதும் தெரியாது."

ஆடி என்றாள். வருஷா வருஷம் என்றாள். சோற்றில் கையை வைத்தபடியே நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மஞ்சளுக்குச் செங்காவி எடுபடுமா?" என்று கேட்டேன். கேட்கத் தேவையே இல்லை. அவள் இன்னும் கொஞ்சம் சண்டை போடட்டும் என்று இருந்தது.

"எடுபடாம? கலரு ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியுமோ? சாப்பிட்டுட்டுப் போயி வாங்கிட்டு வாங்க."

மட்டையை என்னிடம் தரவில்லை. அவளேதான் அடித்தாள். மஞ்சளும் செங்காவியும் சேரும் இடத்தில் நான் மிச்சமிருந்த ஊதாவால் கோடு இழுத்தேன். கோணலாக இருக்கிறது என்றாள். பெட்டிக்குக் கோடு போட்ட கை, கோணல் ஆகாது. இருந்தாலும் அவள் காட்டிய இடத்தில் அழித்துவிட்டு, இருந்தபடியே மறுபடி இழுத்தேன். "இப்பச் சரி" என்றாள்.

அதற்கப்புறம் மூன்று தடவை அடித்தாயிற்று. பச்சைக் கதவுக்காரர்களில் இரண்டு பேர் வந்து, தகரத்தில் பூசிப் பார்ப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னது அவள்தான். நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் செங்காவியை அவள் ஒரு சாண் உயர்த்துகிறாள். இந்த வருஷம் அது என் தோள் வரை வந்திருக்கிறது.