கொழுந்துக் கம்பியில் தொங்கிய காலை

எண்பத்தொன்பதாம் வருஷம், மழைக்காலம். அப்போது நாங்கள் இலங்கையில் மாத்தளைப் பக்கம், இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்தோம். இப்போதெல்லாம் டீவியில் காலில் கயிறு கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து குதிக்கிறவர்களைக் காட்டுகிறார்கள். பேரப்பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

எங்கள் டிவிசனிலிருந்து பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தேயிலை ஃபேக்டரிக்கு ஒரு கம்பி போகும். கொழுந்தைச் சாக்கில் கட்டி, கப்பியில் மாட்டித் தள்ளிவிட்டால் அதுவே ஓடிப் போய்ச் சேரும். ரோட்டால் நடந்தால் மலையைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். குறுக்குப் பாதை அந்த மழையில் சரிந்து கிடந்தது.

கிளர்ச்சிக்காரன் என்று சந்தேகப்பட்டு, நம்பர் இல்லாத வண்டிகளில் வந்து பிடித்துக்கொண்டு போக, பிள்ளைகள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. இளந்தாரிகள் அடையாள அட்டை இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. என் மூத்த மகன் அன்று விடிந்ததும் ஃபேக்டரிப் பக்கத்துக் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனான். போகும்போது சட்டை மாற்றினவன், அட்டையைப் பழைய சட்டையிலேயே விட்டுவிட்டான். துவைக்க எடுத்த என் மனைவிதான் பார்த்தாள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "மாதாவே" என்று அவள் வாய் திறக்கவும் கம்பிக்காரர் ஓடி வரவும் சரியாக இருந்தது. மேலேயிருந்து சாக்குகளை விடுகிறவர் அவர்தான்.

"அண்ணே, கீழ ஃபேக்டரியில இருந்து கம்பி மேடைக்குப் போன் வந்துச்சு. நம்பர் இல்லாத வண்டி ஒன்னு ஃபேக்டரி வாசல்ல நிக்குதாம். ஒங்க மகன நிப்பாட்டி வச்சிருக்காங்க. அட்டையக் காட்டுனா விட்டுருவாங்களாம். அவங்க டீ குடிச்சு முடிக்கிற வரைக்குந்தான் நேரம்."

நானும் மனைவியும் அவர் பின்னாலேயே கம்பி மேடைக்கு ஓடினோம். அட்டை வருகிறது என்று சொல்ல அங்கே இருந்த போனை எடுத்தேன். லைன் செத்துக் கிடந்தது.

"என்னைய கம்பியில விடுங்க" என்றேன்.

"நீங்க என்ன கொழுந்தா? தொரைக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரு பேரையும் வெட்டி வேலைய விட்டே தொரத்திருவாரு."

"வெட்டட்டும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க ஒடம்பு ஒரு சாக்குக்குக் காணாதுண்ணே. பாரம் பத்தலன்னா கம்பி தொய்யிற எடத்துல நின்னுரும். அப்பறம் பின்னால ஒரு சாக்க விட்டு முட்டித்தான் தள்ளணும். சாக்கு தாங்கும், ஆளு தாங்குமா? அட்டைய மட்டும் ஒரு சாக்குல போட்டு விடுவோம்."

அட்டையை யார் எடுப்பார், எடுத்தாலும் அந்த ஆட்கள் முன்னால் யார் போய் நிற்பார் என்று நினைத்தேன். அந்த நாளில் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பிடித்தாலும் கதவைச் சாத்திக்கொள்கிற உலகம் அது. பெத்தவன் போய்க் காலில் விழுந்தால்தான் நடக்கும் என்று பட்டது. மனைவி அட்டையை என் சட்டைப் பையில் வைத்து, நெற்றியில் சிலுவை போட்டாள். கம்பிக்காரர் என் அக்குளுக்கடியில் கயிறு கொடுத்துக் கட்டி, கொக்கியில் மாட்டினார். "கண்ண மூடிக்கங்க" என்றார். தள்ளிவிட்டார்.

கால் தரையை விட்டது. கப்பி அலறுகிற சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மூடுபனிக்குள் போனேன், வெளியே வந்தேன். ஃபேக்டரியின் தகரக் கூரை தெரிந்தது. "சேசுவே, கொண்டு போய்ச் சேர்த்துரும்" என்று கத்தினேன். கத்தி முடியவில்லை, வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. கம்பிக்காரர் சொன்ன அதே இடத்தில், பள்ளத்துக்கு நேர் மேலே, நின்றுவிட்டேன்.

கைகளால் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தோல் உரிந்ததே தவிர அசையவில்லை. பின்னால் மூடுபனி. அதற்குள் இருந்து சாக்கு வருமா, வராதா? என்னைத் தட்டி விழுத்திவிடுமோ என்று கம்பிக்கார மனுஷன் பயந்து நின்றிருக்கிறார். அதற்காக அவரை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அப்போதுதான் வண்டிச் சத்தம் கேட்டது. ஃபேக்டரி வாசலில் கிளம்பி, வளைவு திரும்பி, எனக்கு நேர் கீழே இரத்தோட்டை ரோட்டில் வந்தது. மேலே தார்ப்பாய்ப் படங்கு போட்டு மூடியிருந்தது. அதற்குள்தான் என் பிள்ளை இருந்தான்.

"அட்டை இருக்கு! அட்டை இந்தா இருக்கு!" என்று தமிழில் கத்தினேன், சிங்களத்தில் கத்தினேன். காலை உதறிச் செருப்பைக் கழற்றி விட்டேன். அது வண்டிக்குப் பின்னால் ரோட்டில் விழுந்தது. படங்கை விலக்கி ஒருத்தன் தலையை நீட்டி, ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். மேலே பார்க்கவில்லை. மேலே ஒரு மனுஷன் தொங்குவான் என்று யாருக்குத் தோன்றும்? வண்டி போய்விட்டது.

கொஞ்சம் கழித்துத்தான் சாக்கு வந்து முதுகில் முட்டியது. விலா எலும்பு நொறுங்கினது மாதிரி இருந்தது. ஃபேக்டரியில் சாக்கு இறங்குகிற மேடையில் போய் விழுந்தேன்.

அங்கே ஃபேக்டரி வாச்சர் நின்றார். சிங்கள ஆள், எங்களோடு தமிழில்தான் பேசுவார். அவர்தான் போன் பண்ணியிருக்கிறார். பேச்சுக் கொடுத்து, இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்து, அவ்வளவு நேரமும் அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறார். என் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"ஐயோ அண்ணே, கார்ட்ட சாக்குல போட்டு விட்டிருந்தா நான் ஓடிப்போய்க் குடுத்திருப்பேனே. டீயக் குடுத்துட்டு ஓடி வந்து, சாக்கு வரும் வரும்னு இந்த எடத்துலயே நின்னேன்."

அன்று மத்தியானமே இரத்தோட்டைக்குப் போனேன். மறுநாள் மாத்தளைக்கு. பிறகு எங்கெங்கோ இருந்த போலீசுக்கும் கேம்புக்கும். அட்டையைக் காட்டாத இடமில்லை. அப்படி ஒரு வண்டியே வரவில்லை என்றார்கள். அவன் திரும்பி வரவில்லை.

இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். முதல் சில வருஷம் பீடத்துச் சிலுவையைப் பார்த்து, எல்லாவற்றையும் மேலே இருந்து பார்த்தீரே, ஏன் இறங்கி வரவில்லை என்று சண்டை போடுவேன். இப்போது போடுவதில்லை, ஆணியில் தொங்குகிறவரும் என்னைப் போலக் கத்தித்தான் இருப்பார், கீழே யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்து, ஒன்றும் கேட்காமல் அவர் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.