தப்புக்கு ஒரு மசால் வடை

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் முகம்மது கவுஸ் பாயின் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவு என்றால் ஜீனத்துன்னிசாதான். நைனார்பாளையத்தில் பிறந்து, வாழைக்காய் மண்டி அக்பர் அலிக்கு வாழ்க்கைப்பட்டு டவுனுக்கு வந்தவள். அவள் ஒரு புடவையை உதறி விரித்தால் வேட்டி வாங்க வந்தவனுக்குக்கூடப் பெண்டாட்டி ஞாபகம் வந்துவிடும். நின்று நின்று கால் வீங்கினாலும் அந்த இடத்தை விட்டு நகர அவளுக்கு மனசு வராது.

கடையில் ஆளுக்கொரு வித்தை உண்டு. ஒருத்தர் வித்தையை இன்னொருத்தருக்குச் சொல்லமாட்டார்கள், மவுசு குறைந்துவிடுமாம். தப்பையோ, தலை போனாலும் சொல்லமாட்டார்கள். தொண்ணூற்று மூன்றில் சாயம் போகிற சிவப்புப் புடவை ஒரு கட்டு வந்தது. வாங்கிப்போனவர்கள் ஒவ்வொருவராக வந்து கத்தினார்கள். கத்தல் வாங்கியவன் கமுக்கமாக வேறு புடவை மாற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவனிடம் மூச்சு விடவில்லை. பக்கத்தில் நிற்பவன் மறுநாள் அதே சிவப்பைச் சிரித்த முகமாக விற்றான். கடைசியில் வடக்கனந்தலிலிருந்து ஒரு தெருவே சாயம் ஒட்டி ரோஸாகிப்போன வேட்டியைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றது.

அன்றைக்குத்தான் ஜீனத்து முதலாளியிடம் போனாள்.

"மொதலாளி, நாலு மணி டீ குடிக்கிறப்ப ஆளாளுக்குப் பண்ண தப்பச் சொல்லட்டும். நல்ல தப்பா சொல்றவங்களுக்கு ஒரு மசால் வடை குடுங்க."

"தப்புக்கு வடையா? இன்னாம்மா, கட நடத்தறதா, இழுத்து மூடறதா?"

"திட்டுக்குப் பயந்துக்கினுதான் மறைக்கறாங்க. வடைக்குச் சொல்லுவாங்க."

பாய் தாடியைத் தடவினார். "ஆவணி முகூர்த்தம் வரைக்கும் பாக்கறேன். பிரயோஜனம் இல்லன்னா நீ மாடிப்படிக்குக் கீழ லைனிங் துணி கிழிக்கப் போவணும்."

புடவையை விட்டு அந்த இருட்டு மூலைக்கா என்று நினைத்தாள் ஜீனத்து. ஆனால் வாய் முந்திக்கொண்டு "சரிங்க" என்று சொல்லிவிட்டது.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. துணி சுருங்குமே என்று பார்க்காமல் ரவிக்கைக்கு அளந்து கிழித்த கதையை ரவிக்கைத் துணி விற்கிற அரங்கநாதன் சொன்னான். அதற்குப் பிறகு ஒருத்தரும் அப்படிக் கிழிக்கவில்லை. அப்புறம் வடை ருசி ஏறிவிட்டது. செய்யாத தப்பெல்லாம் கடைக்குள் வர ஆரம்பித்தன. வாசலில் புடவை கட்டி நிற்கும் பொம்மையிடம் "உள்ள வாங்கக்கா" என்று வெகுநேரம் கெஞ்சினேன் என்றான் ஒருவன். மாமியாருக்கு எடுத்ததை மருமகளுக்குக் காட்டிவிட்டேன், அந்த வீட்டில் இன்னும் அடுப்பு எரியவில்லை என்றாள் ஒருத்தி. சிரித்துச் சிரித்து மூக்கு வழியாக டீ வந்தது. பாய் மட்டும் சிரிக்காமல் மாடிப்படியைப் பார்த்தார்.

பொட்டலம் கட்டுகிற அம்மாசிக்குத்தான் பெரிய துக்கம். பொட்டலம் கட்டுவதில் அப்படி என்ன தப்பு வந்துவிடும்? ஒரு வடையும் வாய்க்கவில்லை. ஆவணி பிறந்ததும் பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்றான்.

"வெள்ளிமலைலேர்ந்து கல்யாணத் துணி எடுக்க வந்தாங்களே, கடையையே எறக்கிப் போடச் சொல்லிப் பாத்துட்டு, பொண்ணக் கேட்டுக்கினு வர்றோம்னு போனாங்களே, அந்தப் பொடவ எல்லாத்தையும் தெரியாத்தனமா அவங்க மூட்டையோட சேத்துக் கட்டி அனுப்பிட்டேங்க."

பாய் கையிலிருந்த டீ கிளாஸ் கீழே விழுந்தது. அலமாரி அலமாரியாகத் தேடினார்கள். எல்லாப் புடவையும் அதனதன் இடத்தில் இருந்தது.

"பொய்யாடா?"

"வடைக்குத்தாங்க" என்று பல்லைக் காட்டினான் அம்மாசி.

"போதும்! வடையும் வாணாம், தப்பும் வாணாம். ஜீனத்து, நாளைலேர்ந்து நீ மாடிப்படிக்குக் கீழ போ."

ஜீனத்து காதிலேயே வாங்கவில்லை. மலைக்காரர்கள் ஒவ்வொருவரும் அப்படித்தானே சொல்லிவிட்டுப் போகிறார்கள்! கல்யாணப் பெண் வருவதே இல்லை. மலைப்பாதை வளைவில் பஸ் திரும்பினால் குடல் வாய்க்கு வந்துவிடும் என்று பயம். வந்தவர்கள் பெண்ணைக் கேட்கப் போவார்கள், திரும்பமாட்டார்கள்.

"மொதலாளி, அம்மாசி சொன்ன பொய்ய நெஜமாக்கிட்டா இன்னா? பொண்ணு கீழ வரமாட்டா. பொடவ மேல போனா?"

பாய் அலமாரியையும் மாடிப்படியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே ஒரு தடவ" என்றார்.

மறுநாள் புடவை மூட்டையோடு அம்மாசியும் அவளும் பஸ் ஏறினார்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலை தொடங்கியதும் அந்தப் பெண்களின் பயம் எவ்வளவு நியாயம் என்று ஜீனத்துக்குப் புரிந்தது. ஜன்னலை விட்டு அவள் தலையை உள்ளே எடுக்கவே இல்லை. லைனிங் துணி கிழிப்பதே தேவலாமோ என்றுகூட ஒரு வளைவில் தோன்றியது.

மேலே போய்ச் சாமைக் களத்தில் கயிறு கட்டிப் புடவைகளைத் தொங்கவிட்டதுதான் தாமதம், ஊரே திரண்டது. கல்யாண வீட்டார் எடுத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் எடுத்தார்கள். ஜீனத்துக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியொரு சந்தோஷத்தை அவள் கடையில் கண்டதில்லை. மதியம் சாய்வதற்குள் கயிறு காலி. ஆனால் கல்யாணப் பெண் அம்சவள்ளி மட்டும் எதையும் தொடவில்லை.

"உனக்கு இன்னாம்மா வேணும்?"

அவள் வெட்கப்பட்டுக்கொண்டே கையை நீட்டினாள். "நீங்க கட்டிக்கினு இருக்கீங்களே, அதாங்க்கா."

சாயங்காலம் கடைக்குள் நுழைந்த அம்மாசி வெறும் மூட்டைத் துணியை உதறிக் காட்டினான். பாய்க்கு நம்ப முடியவில்லை. பின்னால் வந்த ஜீனத்தைப் பார்த்தார். மேலே அவள் எப்போதும் போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டி. அடியில் யாருடையதோ நைந்த நூல் சேலை, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"நீ கட்டிக்கினு போன பொடவ எங்கம்மா?"

"அதையும் வித்துட்டேன் மொதலாளி. எங்கிட்ட இருந்ததே அது ஒன்னுதான் நல்ல பொடவ. அதக் கட்டிக்கினு போனதுதான் என் தப்பு."

கடை மொத்தமும் அவர் முகத்தையே பார்த்தது. பாய் கல்லாவைப் பிடித்துக்கொண்டு, தொப்பி கழன்று விழ, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் அலமாரியைத் திறந்து, உள்ளதிலேயே நல்ல புடவை ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"லைனிங் துணி கெடக்கட்டும். அடுத்த வாரம் சேராப்பட்டுக்கும் நீதான் போவணும். ஆனா ஒன்னும்மா, போறப்ப ரெண்டு பொடவையா கட்டிக்கினு போ."