அக்கா சொல்ல மறுத்த பொய்

அக்காவின் ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். என்னை எழுதச் சொன்னவர்கள் அந்த முட்டை விஷயத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள். அதை விட்டால் மீதி யாரோ ஒரு அம்மையாரின் கதை. என் அக்காவினுடையது அல்ல.

அக்கா பிறந்தது தாசேக் கெலுகோரில். அப்பா அங்கே ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. திருமணமாகி ஜார்ஜ் டவுனுக்கு வந்த எட்டாம் ஆண்டே, துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த அத்தான் காலமானார். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டு அக்கா தனியாகவே வாழ்ந்தார். வெள்ளிக்கிழமைதோறும் கோயில் தேவாரக் குழுவில் முதல் குரல் அவருடையது. அந்தக் குரலைக் கேட்டே ஊர் அவரைச் 'சாமி அக்கா' ஆக்கிவிட்டது. கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து திருநீறு பூசச் சொல்வார்கள். "நான் சாதாரண மனுஷிதான்லா, ஐயர்கிட்ட போங்க" என்பார். யார் கேட்டார்கள்?

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பாடி முடித்த அக்கா நெற்றி நிறையத் திருநீற்றோடு சூலியா தெருக் காப்பிக் கடையில் உட்கார்ந்து ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் சாப்பிட்டார். குழுவில் பாடும் ஓர் அம்மா பார்த்துவிட்டார்.

"என்னக்கா, நீங்களா இப்படி?"

"நான்தான். உக்காருங்க, உங்களுக்கும் ரொட்டி சொல்றேன்."

சாயங்காலத்துக்குள் தெரியாதவர்கள் இல்லை. நானும் அந்தக் குழுவில் பாடுகிறவள். அவமானம் தாங்காமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"உங்களுக்கு இனிப்பு நீர் வியாதி இருக்குதானே? சீனி இறங்கி மயக்கமா வந்துச்சு, கடையில வேற ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுங்க. முடிஞ்சிரும்."

"மயக்கம் வரலே. பசிச்சது, சாப்பிட்டேன்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை, அக்கா!"

"நான் விரதம்னு என்னைக்காவது சொன்னேனா? நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. சாமிகிட்டயே நான் எதையும் ஒளிக்கலே. உங்ககிட்ட எதுக்கு ஒளிக்கணும்?"

பரிகார அர்ச்சனை செய்து, எல்லார் முன்னாலும் வருத்தம் தெரிவித்தால் போதும் என்றது குழு. அக்கா மறுத்தார். முதல் குரல் எனக்கு வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதன் பிறகும், படுக்கையில் விழும்வரை, அக்கா ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. பின்னால், தூண் ஓரமாக உட்கார்ந்து எங்களோடு மெல்லப் பாடுவார். பாயில் அவரைச் சுற்றி இடம் காலியாகவே கிடக்கும். குழந்தைகளையும் யாரும் கொண்டுவரவில்லை.

"கஷ்டமா இல்லையாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கு. ரொம்பவே இருக்கு. ஆனா பொய் சொல்லிட்டுப் பாட என்னால முடியாது."

அன்று நான் கிளம்பும்போது, "இன்னும் கொஞ்ச நேரம் இரேன்" என்றார். எனக்குப் பாட்டுப் பயிற்சி இருந்தது. போய்விட்டேன்.

கடைசி இரண்டு மாதம் அக்கா படுக்கையில்தான் இருந்தார். தினமும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த ஐந்து ஆண்டு வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் நன்றி சொல்ல நினைத்து, பெயர்களை யோசித்துப் பார்த்தேன். யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.