எதிர் அறை ஃபேன்

எங்கள் வீட்டில் முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவோம். அன்று, நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் தட்டில் கை வைக்கும் முன் "பிஸ்மில்லா" என்றாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

பேரணாம்பட்டில் அவள் படிப்பது முஸ்லிம் நிர்வாகப் பள்ளி. வாரத்தில் ஒரு பீரியட் முஸ்லிம் பிள்ளைகள் மார்க்க வகுப்புக்குப் போவார்கள், மற்றவர்கள் எதிர் அறைக்கு, நீதி போதனைக்கு. இவள் மார்க்க வகுப்பில் உட்காருகிறாள் என்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் விறைப்பாகப் போய் நின்றேன். அந்த வகுப்பை நடத்தும் ஹஜ்ரத், "உக்காருங்க தம்பி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அந்த ரூமுக்குப் போம்மான்னுதான் நானும் சொன்னேன். அங்க ஃபேன் ஓடல ஹஜ்ரத், பேஜாரா இருக்குதுன்னா. இந்த வெயில்ல கொழந்தைய எப்டி தொரத்துறது? கடைசி பெஞ்ச்ல ஒக்காந்து கணக்குப் போடுன்னு விட்டுட்டேன். ஒங்களுக்குப் பிடிக்கலன்னா அனுப்பிட்றேன்."

நான் ஷூ கம்பெனி எலக்ட்ரீஷியன். கெப்பாசிட்டர் வாங்கி வந்து எதிர் அறை ஃபேனை ஓட விட்டேன். ஹஜ்ரத் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மகளிடம், "இப்ப காத்து நல்லா வருதா?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. நான் ஹஜ்ரத் ரூம்லதான் இருந்தேன். ஆயிஷா எடம் புடிச்சி வெச்சிருந்தா."

அவளுக்கு யார் பாடம் நடத்துகிறார்கள் என்று கேட்கத்தான் ஓடினேன். பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

அன்று இரவு சாப்பாட்டில் அவள் "பிஸ்மில்லா" சொல்லி முடிக்கும்வரை நானும் தட்டில் கை வைக்கவில்லை.