உயிர்ச்சான்று வாங்கும் போஸ்டம்மா

விரலைக் கருவியில் வைக்கச் சொல்வதற்கு முன்னால் விருத்தாம்பாள் அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கிறார். "ரத்தம் ஓடுனாத்தான் ரேகை எழும்பும்" என்பது அவர் சொல்லும் காரணம். விருத்தாசலத்தில் ஒரு அஞ்சலக அதிகாரியிடம் நான் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். நானும் முதலில் சிரித்தவன்தான். தேய்க்கும்போது விருத்தாம்பாள் என்ன பேசுகிறார் என்று கவனித்த பிறகு சிரிப்பு நின்றது. "ராத்திரி என்னா சாப்பிட்டீங்க? யாரு குளிப்பாட்டி வுடுறாங்க? முதுகக் காட்டுங்க, புண்ணு கிண்ணு இருக்குதான்னு பாப்போம்." கேள்விகள் முடிகிறவரை கையை விடுவதில்லை.

கருவேப்பிலங்குறிச்சி போகும் சாலையில் இருக்கும் ஒரு சிற்றூரின் கிளை அஞ்சலகத்தில் அவர் கிராம அஞ்சல் ஊழியர். ஐம்பதைத் தாண்டியவர். சேலைக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி. சுற்று வட்டாரத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவர் போஸ்டம்மா.

கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்துபோன பிறகு அவருக்கு வந்து சேர்ந்த வேலை இது. ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். முன்பெல்லாம் இதற்காக நடக்க முடியாதவர்களையும் ஆட்டோவில் கிடத்திக் கருவூலத்துக்குக் கொண்டுபோவார்கள். இப்போது அஞ்சல் ஊழியர்களே கைபேசியும் கைரேகைக் கருவியுமாக வீடு தேடி வருகிறார்கள். விரலை வைத்தால், பச்சைக் குறி வந்தால், வேலை முடிந்தது. மற்றவர்கள் தெருவுக்குத் தெரு ஓடி முடித்துவிடும் இந்த வேலைக்கு விருத்தாம்பாள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பற்றி மேலிடத்தில் நிரந்தரமான வருத்தம் இருக்கிறது.

"எத்தன பேர முடிச்சன்னு கேக்குறாங்க சார். உசுரோட இருக்குற மனுசங்கள முடிச்சுட்டேன்னு எப்பிடிச் சொல்றது?" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்.

அவரோடு பழகுவது எளிதல்ல. காது கேளாதவர்களோடு பேசிப் பேசிக் குரல் உரத்துவிட்டது. பக்கத்தில் நிற்பவரிடமும் ஊருக்கே கேட்கும்படிதான் பேசுவார். அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடக் கூச்சம் கிடையாது. வேப்பூர் பக்கத்தில் ஒரு மருமகளை, மாமியாருக்கு வேளைக்குச் சோறு போடவில்லை என்று தெருவில் வைத்துத் திட்டிவிட்டு, அந்தப் பெண்ணுக்கே பத்து நாளாகக் காய்ச்சல் என்று பிறகு தெரிந்து, மறுநாள் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எந்த வீட்டிலும் டீ கொடுத்தால், "மொதல்ல பெரியவங்களுக்குக் குடுத்தியா?" என்று கேட்காமல் டம்ளரைத் தொடமாட்டார். பையில் கருவியோடு ஒரு சீப்பும் நகவெட்டியும் கிடக்கின்றன.

இத்தனை பேருக்கு ஓய்வூதியம் தடைபடாமல் பார்த்துக்கொள்ளும் இவருக்கு ஓய்வூதியம் கிடையாது. கிராம அஞ்சல் ஊழியர்கள் ஓய்வூதியச் சட்டத்துக்குள் வருவதில்லை. "வேலையில நாங்க கவருமெண்டு, சட்டத்துல இல்ல" என்றார் ஒருமுறை. சங்கம் கூப்பிடும்போதெல்லாம் கடலூர் போய்ப் பந்தலில் உட்கார்ந்து கோஷம் போட்டுவிட்டு வருகிறார். மறுநாள் காலையில் வழக்கம்போல் யாரோ ஒரு ஓய்வூதியரின் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். மனதுக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். "இருக்குது. அதுக்காக அவங்க கைய சும்மா பிடிச்சுட்டு வுட முடியுமா?" என்றார்.

சென்ற ஜூன் கடைசியில் ஒரு நாள் அவரோடு சுற்றினேன். அன்றைக்கு நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ராஜாங்கம் என்பவருடைய வீட்டுக்குப் போனோம். அரசுப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் ஆயுள் முழுவதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதைக் கடந்துவிட்டார். மகன் பாரி வாசலில் காத்திருந்தார். அவரும் பீங்கான் பட்டறையில்தான் வேலை, ஃபியூஸ் கட்டை செய்யும் இடத்தில். அரை நாள் லீவு சொல்லிவிட்டு அப்படியே வந்திருந்தார். முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"சட்டுனு முடிச்சுக் குடுத்துடுங்க மேடம். இந்த மாசத்தோட கெடு முடியுது."

பெரியவரைப் பின்கட்டில் ஒரு சிறிய அறையில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் சாக்கு மூட்டைகள், மறுபக்கம் கட்டில். அழுக்கு இல்லை, நாற்றமும் இல்லை. ஆனால் அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. விருத்தாம்பாள் கட்டிலில் உட்கார்ந்து வழக்கம்போல் கையைத் தேய்த்தார். கேள்விகளுக்குப் பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டை விரலை வைத்தார்கள், கருவி ஏற்கவில்லை. அடுத்த விரல், அதுவும் இல்லை. வாழ்நாளெல்லாம் சுடாத பச்சைப் பீங்கானை வழித்துத் துடைத்த விரல்கள். ரேகை மழுங்கி வழுவழுவென்று இருந்தன.

"பரவால்ல. மொகத்த வெச்சு எடுத்துடலாம். ஐயா, கேமராவப் பாத்து ஒரு தடவ கண்ணச் சிமிட்டுங்க, போதும்."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தூங்குகிறார் என்று நினைத்து மகன் தோளை அசைத்தார். மூடிய கண்களோடு பெரியவர் தெளிவாகச் சொன்னார்: "நான் செத்துட்டேன்னு எழுதிக்கம்மா."

"யப்பா, வெளயாடாத."

"செத்தவன் கண்ணத் தொறப்பானா?"

பாரி குனிந்து தகப்பனாரின் இமையை விரலால் விலக்கப் போனார். விருத்தாம்பாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "கைய எடு தம்பி. அவரா தொறக்கணும், அவரா சிமிட்டணும். நீ தொறந்து வுட்டா மெஷினு ஒத்துக்காது, நானும் ஒத்துக்க மாட்டேன்."

பாரியை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பெரியவரின் காதருகே குனிந்தார். அவருடைய குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"யாரு மேல ஐயா கோவம்?"

பெரியவர் மூடிய கண்களோடு அவர் கையைத் தடவிப் பிடித்தார். பிறகு, "எம் பொண்ண வரச் சொல்லு. அது வந்தா தொறக்குறேன்" என்றார்.

மகள் இளமதி பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்த பெண். இரண்டு தீபாவளிகளாக இந்த வீட்டுப் படி ஏறவில்லை. காரணத்தை வாசலில் வைத்துப் பாரியே சொன்னார். தகப்பனாரைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று இளமதி கேட்டிருக்கிறார். வாய்ச் சண்டையாகி, இனி வராதே என்று இவர் சொல்லிவிட்டார்.

"அவ வந்தா கூட்டிக்கிட்டுப் போயிடுவா மேடம். அவுரு போயிட்டா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. உள்ளே பள்ளிச் சீருடை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். பட்டறையில் வாரத்தில் பாதி நாள்தான் சூளை எரிகிறது என்பதை முன்பே சொல்லியிருந்தார். அந்த வீடு எதை நம்பி நடக்கிறது என்பது கேட்காமலே புரிந்தது.

வேப்பூர் மருமகளைப்போல் இவரும் திட்டு வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். விருத்தாம்பாள் திட்டவில்லை.

"பாத்துட்டுப் போறது வேற, கூட்டிக்கிட்டுப் போறது வேற தம்பி. மொதல்ல பாக்கட்டும். பென்ஷன் நின்னுடும்னு நான் சொல்லல. அது ஒனக்கே தெரியும். ஒரே வூட்டுல இருந்துக்கிட்டு, ஒங்கிட்ட கேக்க முடியாம வழியில போற எங்கிட்ட கேக்குறாரு பாரு. அதுக்குத்தான் சொல்றேன்."

பாரி தெருமுனை வரை போய்விட்டு வந்தார். அவர் போயிருந்தபோது நான் விருத்தாம்பாளிடம் மெதுவாகக் கேட்டேன், பெரியவர் கண் திறக்காவிட்டால் வேறு வழியே இல்லையா என்று.

"இருக்குதே. அதிகாரி கையெழுத்து வாங்கிக் கருவூலத்துல குடுக்கலாம். அந்தத் தம்பி கேட்டா மறைக்காம சொல்லுவேன்." துண்டை உதறித் தலையில் மறுபடி கட்டினார். "கேக்கட்டும்."

பாரி கேட்கவில்லை. திரும்பி வந்தவர் கைபேசியை எடுத்து, எண்ணைத் தேடி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இளமதி... நான்தான். அப்பா ஒன்னக் கேக்குறாரு. வா."

எதிர்முனையில் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் எனக்கே கேட்கும்படி ஒரு குரல் வந்தது: "பஸ்ஸு ஏறிட்டேன்னு வெச்சுக்கண்ணே."

காத்திருந்த நேரத்தை விருத்தாம்பாள் சும்மா விடவில்லை. இருட்டில் முகம் விழாது என்று சொல்லிக் கட்டிலைக் கூடத்துக்குத் தூக்கிவரச் செய்தார். முன்கதவைத் திறந்து வைத்ததும் தெரு வெளிச்சம் பெரியவரின் முகத்தில் அடித்தது. அப்போதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. விருத்தாம்பாள் சுடுதண்ணீர் கேட்டு வாங்கி அவர் நகங்களை ஊறவைத்து வெட்டினார். "தாடிக்குள்ள மொகம் எங்க இருக்குது? எடுத்து வுடு தம்பி" என்றார். பாரி கையைக் கழுவிக்கொண்டு வந்து தகப்பனாருக்குச் சவரம் செய்தார். முகவாயை ஏந்திப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கன்னக் குழியில் கத்தியை மெல்ல இழுத்தார். பெரியவர் மூடிய கண்களோடு முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக் கொடுத்தார். அந்த வீட்டில் ஒருவரையொருவர் தொட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் விருத்தாம்பாளின் கைபேசிக்கு இரண்டு முறை அழைப்பு வந்தது. பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டார். மேலிடம்தான்.

வெயில் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தபோது இளமதி வந்து சேர்ந்தார். கையில் ஒரு தூக்குவாளி. செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்கு வெளியிலேயே நின்றார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"வந்துட்டியா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டேம்ப்பா."

ராஜாங்கம் கண்ணைத் திறந்தார். வெளிச்சம் கூசியதோ, நீர் கோத்ததோ, திறந்த கண்கள் சிமிட்டிக்கொண்டே இருந்தன. விருத்தாம்பாள் கைபேசியை உயர்த்திப் பிடித்தார். மகள் உள்ளே ஓடிவந்து கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து தகப்பனாரின் வழித்த கன்னத்தைத் தொட்டார். பெரியவர் அந்தக் கையைப் பிடித்து மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

நான் விருத்தாம்பாளுக்குப் பக்கத்தில் இருந்தேன். திரையில் வட்டம் ஒரு சுற்றுச் சுற்றிப் பச்சைக் குறி விழுந்ததைப் பார்த்தேன். சான்று ஏற்கப்பட்டுவிட்டது.

கதவோரம் நின்றிருந்த பாரி தங்கையிடம், "சாப்பிட்டியா?" என்றார். இளமதி தலையை மட்டும் ஆட்டினார். மேற்கொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் பாரி விருத்தாம்பாள் பக்கம் திரும்பினார்.

"ஆயிடுச்சுங்களா மேடம்?"

கட்டிலில் தகப்பனாரும் மகளும் ஏதோ மெல்லப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

"எங்க தம்பி, நெட்டு சுத்திக்கிட்டே இருக்குது. நேரமாவும் போல, நீயும் வந்து ஒக்காரு" என்று சொல்லிவிட்டு விருத்தாம்பாள் கைபேசியை மடியில் குப்புறக் கவிழ்த்து அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.