பத்துக் கேள்விக்குறிகளுக்கு ஒரு விருது

பதுளையில் ஒரு தேயிலைக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் 'கணினிப் பிரிவு' என்று ஒரு பலகை தொங்கும். அதன் கீழே தனேஸ்வரன் உட்கார்ந்திருப்பார். பிரிவு என்பது அவர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு மாதத்துக்கென்று வந்தவர், தெமோதரைப் பக்கம் வீடும் கட்டிவிட்டு இன்னும் மாற்றலுக்குக் காத்திருக்கிறார். நல்ல மனிதர். மேலிடத்தில் யார் எதைக் கேட்டாலும் "பிரச்சினை இல்லை சேர்" என்பார். பிரச்சினை பிறகு வந்து சேரும்.

கம்பனியின் தோட்டங்களில் யார் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார் என்ற கணக்கெல்லாம் ஒரு நிறுவனம் செய்து கொடுத்த தரவுத்தளத்தில் இருந்தது. பல வருடமாக அது பழுதில்லாமல் ஓடியது. அதனாலேயே கொழும்புத் தலைமை அலுவலகம் அதை மதிக்கவில்லை. வேறொரு நிறுவனத்திடம் வண்ண வண்ண வட்டங்கள் போடும் அறிக்கை மென்பொருள் ஒன்றை வாங்கி, "இரண்டையும் இணைக்கவும்" என்று உத்தரவு போட்டது.

தரவுத்தளக்காரர்கள் தங்கள் பக்கம் சரி என்றார்கள். அறிக்கைக்காரர்களும் தங்கள் பக்கம் சரி என்றார்கள். இரண்டு சரிகளுக்கும் நடுவில் தனேஸ்வரன் மாட்டிக்கொண்டார். இணைப்புக்கு 'டிரைவர்' என்ற சிறிய மென்பொருள் தேவைப்பட்டது. வாங்க அனுமதி கேட்டு எழுதினார். 'ஏற்கெனவே மூன்று டிரைவர்கள் இருக்கிறார்கள், வாகனமோ இரண்டுதான்' என்று நிர்வாகப் பிரிவு பதில் அனுப்பியது. அவர் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பழைய டிரைவர் ஒன்றைத் தேடிப் பொருத்தினார்.

அடுத்த இடைஞ்சல் கொழும்பிலிருந்த பணிப்பாளர் கனகசபையின் மனிதாபிமானம். "தொழிலாளி என்ன இலக்கமே, தனேஸ்? பதிவு இலக்கத்தை வைச்சுக் கூட்ட வேண்டாம். பெயரை வைச்சுக் கூட்டும். மனிசருக்கு மரியாதை வேணும்" என்று போனில் சொன்னார்.

"பிரச்சினை இல்லை சேர்."

பழைய டிரைவருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும், கொம்புக்கும் புள்ளிக்கும்கூட, ஒரு கேள்விக்குறியைப் போட்டு அனுப்பியது. நீளம் ஒன்றாயிருந்த பெயர்களெல்லாம் ஒரே ஆளாகச் சேர்ந்துவிட்டன. அறிக்கையின் முதற்பக்கத்தில், பச்சை வட்டத்துக்குள், அவ்வருடத்தின் சிறந்த தொழிலாளி தோன்றினார்: ??????????. ஒரே நாளில் முந்நூற்றுப் பத்துக் கிலோ. சாதாரணப் பெண் ஒருத்தி பதினெட்டுக் கிலோ பறித்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிக் கூலி.

கனகசபை உடனே போன் எடுத்தார். "ஆரப்பா இது? பெயர் ஏன் இப்பிடி?"

தனேஸ்வரன் வாயில் வந்ததைச் சொன்னார். "பாதுகாப்புக்காக மறைச்சிருக்கு சேர்."

"அருமை! வாற மாசம் இவவுக்கு விருது குடுப்பம்."

விருது வாங்க ஓர் ஆள் தேடி, தனேஸ்வரன் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்து இராக்கம்மாவுக்குப் பத்துக் கேள்விக்குறி சரியாக வந்தது. மறுநாளே பஸ் ஏறினார்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்குப்பிள்ளை அந்தோனிமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்தம்மாவுக்கா விருது? மாசத்துல பாதி நாளு அரைப் பேருங்க ஐயா."

"மெஷின் அப்பிடித்தான் சொல்லுது."

"மெஷினே சொல்லுதுன்னா நடுவுல நீங்க யாருங்க?" என்று இராக்கம்மா கணக்குப்பிள்ளையை அடக்கினார். பிறகு தனேஸ்வரனிடம் திரும்பி, "என்னாங்க தருவாங்க?" என்றார்.

"ரைஸ் குக்கர்."

"வர்றேங்க."

பதுளை மண்டபத்தில் விழா நடந்தது. இத்தனை கொழுந்து பறிக்கும் இரகசியம் என்ன என்று கனகசபை ஒலிவாங்கியை நீட்டினார். "சத்தியமா எனக்கே தெரியாதுங்க" என்றார் இராக்கம்மா. அந்தத் தன்னடக்கத்துக்கு மண்டபமே எழுந்து கைதட்டியது.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. ஒருத்தியால் முந்நூறு முடியுமென்றால் மற்றவர்கள் பதினெட்டோடு நிற்பது சோம்பல். இனி முழுப் பேருக்கு இருபத்தைந்து கிலோ.

காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டில் பெண்கள் மலைக்கு ஏற மறுத்தார்கள். முதலில் இராக்கம்மாவைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "நான் என்னாத்தடி பறிச்சேன்? என் கொழுந்து ஒங்களுக்குத் தெரியாதா?" என்று அவரும் கத்தினார். பிறகு எல்லோரும் சேர்ந்து பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்து, கணினிப் பிரிவுப் பலகையின் கீழே நின்றார்கள்.

அவர்களில் நேசராணி என்பவர் திரையைக் காட்டச் சொன்னார். "இதுல நான் எங்கங்க இருக்கேன்?"

தனேஸ்வரன் ஏழு கேள்விக்குறிகள் இருந்த வரியைத் தொட்டார்.

"இதா? நான் மட்டுமா?"

"இல்லை. வேற கொஞ்சப் பேரும் இதுக்குள்ள இருக்கினம்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். நேசராணி அந்த வரியைப் பார்த்தபடியே நின்றார்.  தனேஸ்வரன் அவர்கள் முன்னிலையிலேயே கொழும்பில் கனகசபைக்குப் போன் எடுத்து, இலவச டிரைவரிலிருந்து ரைஸ் குக்கர் வரை நடந்ததையெல்லாம் சொன்னார்.

 "இதை வேற ஆருக்கும் சொன்னனீரே?" என்று கனகசபை கேட்டார்.

"ஒரு முப்பது பேர் பக்கத்தில நிக்கினம் சேர்."

அறிவித்தல் அன்றைக்கே வாபஸானது. காரணம், கணினியை இடி மின்னல் தாக்கியது என்று எழுதப்பட்டது. அந்த வாரம் பதுளையில் நல்ல வெயில். டிரைவர் வாங்கப் பணம் வந்தது. தனேஸ்வரனிடம் எழுத்தில் விளக்கம் கேட்கப்பட்டது. கூடவே, வெற்றிகரமான இணைப்பு பற்றிக் கொழும்பில் ஒரு வகுப்பு எடுக்கவும் அழைப்பு வந்தது. ரைஸ் குக்கரைத் திருப்பித் தர முடியாதென்று இராக்கம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். அதைப் போட்டால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கரண்ட் போய்விடும் என்பது வேறு கதை.

பெயர்கள் தமிழில் வரத் தொடங்கியபோதுதான் அவற்றில் பாதி பிழையென்று தெரிந்தது. தரவுத்தளத்தில் ஆரம்பத்திலேயே யாரோ காதில் விழுந்தபடி அடித்திருக்கிறார்கள். தனேஸ்வரன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். பெரட்டுக் களத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, வரிசையில் வந்தவர்களிடம் திட்டு வாங்கியபடி திருத்தினார். ஒரு பெண் திரையை எட்டிப் பார்த்துவிட்டு விரலால் தட்டினார்.

"முத்துலெச்சுமிங்க. இதுல முத்துச்சாமின்னு இருக்கு. அது எங்க வீட்டுக்காரரு. அவருக்குக் கொழுந்தே பறிக்கத் தெரியாதுங்க."